நாலாவது ரவுண்டில் கிழிந்த முகம்

அக்ரா நகரத்துக் கடற்கரைப் பேட்டையான எங்கள் புகோமில் பெண்கள் அடித்துக்கொள்வது புதிதல்ல. குழாயடியிலும் மீன் இறங்கும் கரையிலும் தினமும் நடப்பதுதான். ஆனால் க்ளவுஸ் மாட்டி, நடுவரை வைத்து, டிக்கெட் போட்டு அடித்துக்கொண்ட பெண்களில் லாமிலே அளவுக்குப் பேர் வாங்கியவள் யாருமில்லை. அவள் இடது கையால் வளைத்து விடும் குத்து விலாவில் இறங்கினால் எதிராளி மூச்சு விட மறந்துவிடுவாள். அக்ராவில் அவளோடு மோத ஆள் கிடைக்காமல், சாம்பியாவிலிருந்து முதின்டா என்பவளை வரவழைத்து சாம்பியன் பெல்ட்டுக்கான சண்டையை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

லாமிலேயின் முகத்தில்தான் கோளாறு. ஜிம்மில் எல்லோரும் மாறி மாறி மாட்டிக் கழற்றும் தலைக்கவசம் வேர்வையில் ஊறி நாறும். அதைப் போட்டுப் போட்டு அவள் நெற்றியிலும் தாடையோரமும் பருக்கள் கிளம்பின. பரு போன இடமெல்லாம் கறுப்புப் புள்ளிகள். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே கிடையாது. மால்ட் பானம் விற்கிற கம்பெனி ஒன்று, பெல்ட்டை ஜெயித்தால் பெரிய ரோட்டுச் சந்திப்பில் விளம்பரப் பலகையில் அவள் படத்தை வைப்பதாகச் சொன்ன பிறகுதான் கண்ணாடி பார்க்க ஆரம்பித்தாள். மாதிரிக்குப் படம் எடுக்க வந்தவன், கேமராவைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவனிடம், “ஒரு இஞ்சு மேக்கப் அப்பினா மறைஞ்சிடும்” என்று முணுமுணுத்தான். அது அவள் காதில் விழுந்துவிட்டது.

அன்று சாயங்காலமே கோர்க்கோயிடம் போனாள். இருவரும் ஒரே முற்றத்தைச் சுற்றிய வீடுகளில் வளர்ந்தவர்கள். கோர்க்கோய் அழகுக்கலை படித்து, ஒசுவில் பெரிய பார்லரில் வேலை பார்த்து, பிறகு கலங்கரை விளக்கத்துக்கு இறங்கும் சந்தில் ஒரு கன்டெய்னரை வாங்கி, பச்சை பெயின்ட் அடித்து, தோல் பராமரிப்புக் கடை வைத்திருந்தாள். வெளுக்கிற கிரீம் பூசி முகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதில் பாதி நேரம் போகும். அவர்களைத் திட்டுவதில் மீதி நேரம் போகும்.

“என்ன முகம்டீ இது, கென்கே மாவு வேகவச்ச பானையோட அடி மாதிரி?” என்றாள்.

“அதுக்குத்தான் வந்திருக்கேன். சரி பண்ணு.”

“சண்டை எப்போ?”

“அடுத்த மாசக் கடைசில.”

“அப்போ இப்ப வேணாம். சண்டையை முடிச்சிட்டு வா.”

“முடிஞ்ச மறுநாளே படம் எடுக்க வர்றாங்க. நீ குடுக்கலேன்னா மகோலா மார்க்கெட்ல எவகிட்டயாவது வாங்கிக்கிறேன்.”

கோர்க்கோய் சற்று நேரம் அவள் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள்.

“கவனமாக் கேளு. இது கிளைகாலிக் ஆசிட். ஆசிட்னதும் முழிக்காதே, பேட்டரில ஊத்துறது இல்ல. மேல செத்துக்கெடக்குற தோலை மெதுவா உரிச்செடுக்கும். வாரத்துல ரெண்டு ராத்திரி மட்டும். அன்னிக்கு அது மேல வெறும் ஷியா வெண்ணெய், வேற எதுவும் கூடாது. கறுப்பு சோப்பு முகத்துல படக்கூடாது. குளிக்கிற வலை போட்டுத் தேய்க்கக் கூடாது. பகல்ல சன்ஸ்கிரீன் இல்லாம வெயில்ல ஓடாதே.”

“வலை போட்டுத் தேய்க்காம என்ன குளியல்? நான் என்ன வெள்ளைக்காரியா?”

“உடம்பைத் தேய். முகத்தை விட்டுடு. ரெட்டினால் கிரீம்னு எவளாவது நீட்டினா வாங்காதே. அதுவும் தோலைப் புதுசாக்குற சரக்குதான், நல்ல சரக்குதான். ஆனா இதோட சேர்த்தா உன் தோல் தாங்காது. பழகின தோலுக்கே ஒரு ராத்திரி இது, இன்னொரு ராத்திரி அதுன்னு பிரிச்சுத்தான் குடுப்பேன். அப்புறம், சண்டைக்கு ரெண்டு வாரம் முன்னாடி எல்லாத்தையும் நிறுத்திடணும்.”

“தாங்காட்டி என்ன ஆகும்?”

“போன வருஷம் ஒரு கல்யாணப் பொண்ணு வந்தா. ரெட்டினால் பூசுறதை எங்கிட்டச் சொல்லாம, புருவத்துக்கு மெழுகு வைக்கச் சொன்னா. மெழுகை இழுத்தேன். கூடவே இமைத் தோலும் வந்துடுச்சு. உன் முகத்தை மெழுகு இழுக்காது. க்ளவுஸ் இழுக்கும்.”

“என் முகம் வரைக்கும் க்ளவுஸ் வந்தாத்தானே,” என்று சிரித்துக்கொண்டே லாமிலே பாட்டிலைப் பைக்குள் போட்டாள்.

முதல் வாரம் சொன்னபடிதான் பூசினாள். கறுப்புப் புள்ளி கொஞ்சம் மங்கியது போலவும் இருந்தது, மங்காதது போலவும் இருந்தது. லாமிலேக்குப் பொறுமை கிடையாது. ரிங்கிலும் அப்படித்தான், எதிராளியை அளந்து பார்க்கவெல்லாம் நிற்கமாட்டாள். மகோலாவில் ஒருத்தி, “இதையும் சேர்த்துப் போடுங்க மேடம், முகம் குழந்தை முகம் ஆயிடும்” என்று ரெட்டினால் ட்யூபை நீட்டியபோது பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் கறுப்பு சோப்பைப் போட்டு, குளிக்கிற வலையால் முகத்தை அழுந்தத் தேய்த்து, மேலே ஆசிட்டைத் தடவி, அது காய்வதற்குள் ரெட்டினாலையும் பூசினாள். நெருப்பு வைத்தாற்போல் எரியும். எரிந்தால் பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சிறு வயதிலிருந்து வலியைக் கேட்டு வாங்கிய உடம்பு அது. தோள் வலித்தால் குத்து பலமாகிறது, வயிறு வலித்தால் சதை இறுகுகிறது. முகம் எரிந்தால் முகமும் தேறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். மூக்கோரம் செதில் செதிலாக உரிந்ததை வலையால் தேய்த்துத் தள்ளினாள். சண்டைக்கு முந்தைய இரண்டு வாரமும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் புள்ளிகள் திரும்பிவிடும் என்று பயம்.

பலனும் தெரிந்தது. எடை பார்க்கிற நாளன்று மேடையில் ஏறியபோது கூட்டம் விசிலடித்தது. புள்ளிகள் மங்கி, முகம் எண்ணெய் தேய்த்தாற்போல் மின்னியது. முதின்டாவும் அவளும் நெற்றியோடு நெற்றி முட்டி நின்றார்கள். லாமிலே அவளைப் பிடித்துத் தள்ளினாள். முதின்டா சிரித்தபடி அவள் கன்னத்தில் செல்லமாகத் தட்டுவது போல் ஒரு தட்டு தட்டினாள். அடிகூட இல்லை. ஆனால் மேடையை விட்டு இறங்கும்போது அந்த இடம் விரல் விரலாகத் தடித்திருந்தது.

கோர்க்கோய் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வந்து, சட்டென்று விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டாள். கொதித்தது.

“வேற என்ன பூசினே?”

“நீ குடுத்ததைத்தான்.”

“பொய் சொல்லாதே. நான் குடுத்ததுல இப்படி ஆகாது. இது தோலே இல்ல, வெங்காயச் சருகு. என்ன பூசினேன்னு சொல்லு.”

“போடீ. என் முகம் பளபளன்னு இருந்தா உனக்கு வயித்தெரிச்சல்.”

கோர்க்கோய் நேராகப் பயிற்சியாளர் ஒடோயிடம் போனாள். “கோச், சண்டையைத் தள்ளிப் போடுங்க. இவ முகம் நாளைக்குத் தாங்காது. நாலு குத்து உரசினாப் போதும், உரிஞ்சு வந்துடும்.”

ஒடோய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அரங்கம் முழுக்க டிக்கெட் வித்தாச்சு. என் ஆளு ரொம்ப அழகா இருக்கா, அதனால சண்டை வேணாம்னு போய்ச் சொல்லவா?”

இருந்தாலும் லாமிலேயைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் ஒன்றுமில்லை என்றாள். நாளைக்கு வாஸ்லினைக் கொஞ்சம் கூடுதலாக அப்பிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது.

சண்டை மறுநாள் மாலை. முதல் ரவுண்டு முழுக்க லாமிலேயினுடையது. மணி அடித்ததும் பாய்ந்து, முதின்டாவைக் கயிற்றோரம் ஒதுக்கி, விலாவில் மூன்று குத்து தொடர்ந்து இறக்கினாள். மூன்றாவதில் முதின்டாவின் முட்டி மடிந்தது. புகோம் முழுவதும் எழுந்து நின்று தகரத்தைத் தட்டியது.

இரண்டாவதில் முதின்டா நேர்க்குத்துகளை நீட்ட ஆரம்பித்தாள். எதுவும் பலமாக விழவில்லை. உரசிக்கொண்டு போயின, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு உரசலுக்கும் லாமிலேயின் தலை வெடுக்கென்று பின்னால் போனது. வேர்வை கன்னத்தில் இறங்கினால் எலுமிச்சையும் மிளகாயும் தடவியது போல் எரிந்தது. மூலைக்கு வந்து உட்கார்ந்ததும் ஒடோய் துண்டால் அவள் முகத்தை ஒற்றினார். துண்டை எடுத்துப் பார்த்தார். ஈர வெற்றிலைக் கிழிசல் மாதிரி ஏதோ அதில் ஒட்டியிருந்தது. அவர் துண்டை மடித்துக்கொண்டு வாஸ்லினை அள்ளி அப்பினார்.

மூன்றாவதில் முதின்டா அந்தக் கன்னத்தின் பலவீனத்தைக் கண்டுகொண்டாள். அனுபவசாலி. லாமிலே நெருங்கி வந்தபோதெல்லாம் கட்டிப் பிடித்து, க்ளவுஸின் உள்பக்கத்தை அவள் கன்னத்தில் வைத்துத் திருகினாள். நடுவர் பிரித்துவிட்டபோது லாமிலேயின் இடது கன்னம் உள்ளங்கை அளவுக்கு உரிந்து, ஈரச் சிவப்பாக இருந்தது. வெட்டுக்காயமாக இருந்தால் மருந்து வைத்து அழுத்தி அடைக்கலாம். இது எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் பரப்பு முழுவதும் ரத்தம் கசிந்தது. ஒடோயின் கையிலிருந்த மருந்து அதன்மேல் பட்டதும், எந்தச் சண்டையிலும் வாய் திறக்காத லாமிலே ஓலமிட்டாள்.

நாலாவதில் அவள் வெறி பிடித்து அடித்தாள். முதின்டாவின் உதட்டைக் கிழித்தாள், மூக்கை உடைத்தாள். பதிலுக்கு வந்த ஒரு குத்து புருவத்தில் விழுந்து சறுக்கியது. புருவம் பிளந்து, மேல் தோல் மடிந்து இமைமேல் தொங்கியது. லாமிலே அதைக் க்ளவுஸால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டு மறுபடி பாய்ந்தாள். முன்வரிசையில் இருந்த ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் ஏறி வந்து, விளக்கைப் பிடித்துப் பார்த்து, சண்டையை நிறுத்தச் சொல்லிக் கையை அசைத்துவிட்டார்.

அதுவரை புள்ளிக் கணக்கில் லாமிலேதான் முன்னால். பெல்ட் முதின்டாவின் இடுப்பில் ஏறியது.

உடை மாற்றுகிற அறையில் இருபது பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். லாமிலே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கையில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. அவள் தம்பி ஆர்மா கத்திக்கொண்டிருந்தான். “அந்தக் கோர்க்கோய் என்னத்தப் பூசித் தொலைச்சா? சாம்பியாக்காரிகிட்டக் காசு வாங்கியிருக்கா. நேத்தே முகம் உரியும்னு சொன்னாளாமே. எப்படித் தெரியும் அவளுக்கு?”

லாமிலே அதைக் கேட்டாள். ட்யூப் அவள் காலடியிலிருந்த பைக்குள்தான் கிடந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கோர்க்கோய் உள்ளே வந்தாள். கையில் உப்புநீர் பாட்டிலும் சுத்தமான பஞ்சும். ஆர்மா அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். பாட்டில் விழுந்து உருண்டது.

“விடுடா என்னை. உங்க அக்காவையே கேளு,” என்றாள் கோர்க்கோய். “லாமிலே, இவங்க எல்லாருக்கும் முன்னாடி சொல்லு. என்ன பூசினே? அந்தப் பையைத் திறந்து காட்டு.”

லாமிலே எழுந்தாள். பேச எழுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் தோள் இறங்கியதை ஒடோய் மட்டும் கவனித்து, “வேணாம்” என்பதற்குள் இடது கை வளைந்து வந்து கோர்க்கோயின் தாடையில் இறங்கிவிட்டது. க்ளவுஸ் இல்லாத கை. காய்ந்த குச்சி முறிவது போல் ஒரு சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கோர்க்கோய் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அவள் வாய் மூடவில்லை. கீழ்த்தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. பல் ஒன்று மடியில் விழுந்தது. அதைப் பார்த்து, பிறகு லாமிலேயை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை.

ஆர்மாவுக்கு அது உத்தரவு போலாகிவிட்டது. “கடையை உடைங்கடா” என்று கத்திக்கொண்டு ஓடினான். அறையிலிருந்த பாதிப்பேர் அவன் பின்னால் ஓடினார்கள். வாசலில் நின்ற கூட்டமும் சேர்ந்துகொண்டது.

ஒடோய் கோர்க்கோயைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். லாமிலேயைப் பார்த்து, “பெல்ட் போனா இன்னொரு சண்டை வரும். இப்ப நீ செஞ்சதுக்கு என்னடி வரும்?” என்றார்.

லாமிலே தன் கையைப் பார்த்தாள். பிறகு சண்டைக்குப் போட்டிருந்த ஷூவோடும் அரைக்கால் சட்டையோடும் வெளியே ஓடினாள். கண்ணில் ரத்தம் இறங்கிப் பாதி வழி தெரியவில்லை. அவளை இடிக்காமல் ட்ரோட்ரோ வேன் ஒன்றை ஒடித்துத் திருப்பிய ஓட்டுநர் திட்டியதும் காதில் விழவில்லை.

சந்துக்கு வந்தபோது கன்டெய்னரின் கதவு பெயர்ந்து கிடந்தது. கண்ணாடிகளைத் தெருவில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்த ஒருவன் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து எதிர்ச்சுவரில் வீசினான். ஷியா வெண்ணெய் டப்பாக்களைச் சில பெண்கள் மடியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்மா மண்ணெண்ணெய்த் தகரத்தை வைத்துக்கொண்டு தீப்பெட்டி கேட்டுக்கொண்டிருந்தான்.

“கீழ வை,” என்றாள் லாமிலே.

“அக்கா, நீ போ. உனக்காகத்தான் செய்றோம்.”

“நான்தான் பூசினேன். மகோலால வாங்கி நானே பூசினேன். அவ வேணாம்னுதான் சொன்னா.”

பாட்டில் வீசிக்கொண்டிருந்தவன் எரிச்சலோடு, “இதை அங்கேயே சொல்றதுக்கு என்ன?” என்றான். ஆர்மாவோ நம்பவில்லை. இல்லை, நம்ப விருப்பமில்லை. “தலைல அடிபட்டு ஏதோ உளர்றா,” என்று சொல்லிவிட்டு தகரத்தைக் கன்டெய்னருக்குள் சாய்த்தான்.

லாமிலே தம்பியின் வயிற்றில் ஒன்று வைத்தாள். அவன் குனிந்ததும் காதோரம் இன்னொன்று. தகரத்தோடு அவன் விழுந்தான். அவன் நண்பன் ஒருவன் பின்னாலிருந்து அவள் முடியைப் பிடித்து இழுக்க, முழங்கையால் அவன் பல்லைப் பெயர்த்தாள். அதன்பிறகு யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. சற்று முன்பு அவள் பேரைச் சொல்லித் தகரம் தட்டியவர்களே அவளை உதைத்தார்கள். ஒரு கல் வந்து உரிந்த கன்னத்திலேயே விழுந்தது. கதவிருந்த இடத்தில் முதுகைக் கொடுத்து நின்று, உள்ளே நுழைய வந்த ஒவ்வொருவரையும் அடித்தாள். கை வீங்கிய பிறகு தலையால் முட்டினாள். போலீஸ் வண்டி வந்து கூட்டம் கலைந்தபோது அவள் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். கடையில் மிஞ்சியது நாலு தகரச் சுவர்தான். எரியவில்லை.

கோர்க்கோயின் தாடையில் கம்பி வைத்துக் கட்டினார்கள். வாரக்கணக்கில் குழாய் வைத்து உறிஞ்சித்தான் சாப்பாடு. லாமிலே ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாள், கோர்க்கோயின் அம்மா கையிலிருந்த சூடான கஞ்சியை அப்படியே அவள்மேல் வீசினாள். லாமிலே துடைத்துக்கொள்ளாமல் நின்றாள். கோர்க்கோய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டாவது நாளும் போனாள், அன்றும் அப்படியே. மூன்றாவது நாள் வாசல்காரனே உள்ளே விடவில்லை.

வழக்கில் லாமிலே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். நீதிபதி கட்டச் சொன்னதைக் கட்ட, ஜிம்மை விட்டுவிட்டு மீன் கூடை சுமந்தாள். சண்டை போட ஒரு வருஷம் தடை விதித்தார்கள். ஆர்மா அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். முகம் மெல்ல மெல்ல ஆறியது. ஆனால் முன்பிருந்த புள்ளிகளைவிடப் பெரிய கறுப்புத் திட்டுகள் இடது கன்னத்தில் தங்கிவிட்டன. சந்திப்பில் ஒரு கால்பந்தாட்டக்காரனின் படம் வந்தது. அவள் அந்த வழியாகத்தான் தினமும் கூடையோடு போனாள்.

கோர்க்கோய் டான்சோமன் பக்கம் குடிபோய் அங்கே வேறு கடை திறந்தாள். அவள் பேச்சு முன்போல் இல்லை, சில எழுத்துகள் ஒரு பக்கமாக வழுக்கின. ஆனால் திட்டுவது குறையவில்லை என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

தடை முடிந்ததும் முதின்டாவோடு மறுபடி சண்டை வைத்தார்கள். லாமிலே முகத்தில் எதையும் பூசாமல், மூலையில் ஒடோய் வைத்த வாஸ்லினோடு மட்டும் ஏறினாள். மூன்றாவது ரவுண்டில்தான் அந்தக் குரல் கேட்டது. முதின்டாவின் மூலைக்குப் பின்னாலிருந்து, வழுக்குகிற எழுத்துகளோடு, தொண்டை கிழிய: “இடது கன்னம்! அங்கதான் குத்து! விடாதே!”

லாமிலே ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு கணத்துக்கு முதின்டாவின் வலது கை காத்திருந்தது. லாமிலே தரையில் விழுந்தாள். ஏழு எண்ணும்வரை கிடந்தாள். எழுந்தபோது உதடு கிழிந்திருந்தது, கன்னத் தோல் கிழியவில்லை. மீதி ரவுண்டுகள் முழுவதும் இருவரும் நடு ரிங்கில் நின்று ஒருவரையொருவர் நொறுக்கினார்கள். ஒவ்வொரு குத்துக்கும் கோர்க்கோயின் குரல் அவளுக்கு எதிராக எழும்பியது. கடைசியில் ஒரே ஒரு நடுவரின் ஓட்டு வித்தியாசத்தில் பெல்ட் லாமிலேக்கு வந்தது.

கூட்டம் அவளைத் தோளில் தூக்க வந்தது. அவள் கயிற்றுக்கடியில் நுழைந்து மறுபக்கம் இறங்கினாள். கோர்க்கோய் நாற்காலியைவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தாள்.

“கோர்க்கோய்.”

அவள் நின்றாள். திரும்பினாள்.

“நீ அடி வாங்குறதைப் பாக்கத்தான் வந்தேன்,” என்றாள்.

“பாத்தேல்ல?” லாமிலேயின் உதடு வீங்கியிருந்ததால் சொல் தெளிவாக வரவில்லை.

“பத்தல.”

“மார்ச்சுல இன்னொரு சண்டை இருக்கு. நைஜீரியாக்காரி. இவளைவிடப் பலசாலியாம்.”

கோர்க்கோய் தாடையைத் தடவிக்கொண்டாள்.

“முன்வரிசைல சீட்டு போட்டு வை. இங்கேருந்து சரியாத் தெரியல,” என்று சொல்லிவிட்டு, வழியை மறித்து நின்ற ஒருவனைக் கையால் ஒதுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.